திருத்தூதர் தோமா

திருத்தூதர் தோமா இயேசு கிறிஸ்து தேர்ந்துகொண்ட பன்னிரு திருத்தூதர்களுள் ஒருவர் ஆவார். இவர் புனித தோமா, புனித தோமையார் என்னும் பெயர்களாலும் அழைக்கப்படுகிறார். கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த இவர் கடல்வழியாக இந்தியாவுக்கு வந்து கிறிஸ்தவ மறையைப் பரப்பினார் என்பதும், கி.பி. 72-இல் இன்றைய சென்னையின் தென்பகுதியிலுள்ள பரங்கிமலையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார் என்பதும் இந்தியக் கிறிஸ்தவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு ஆகும். கத்தோலிக்க திருச்சபை, கிழக்கு மரபுவழித் திருச்சபைகள், ஆங்கிலிக்கம் முதலிய பல சபைகள் இவரைப் புனிதராகப் போற்றுகின்றன.

தோமாவைப் பற்றிய செய்திகள் மூன்று வகையான மூலங்களிலிருந்து கிடைக்கின்றன. முதலாவது, புதிய ஏற்பாட்டு நூல்கள். இவை அவரது இந்திய வருகையைப் பற்றி ஏதும் கூறவில்லை. இரண்டாவது, மூன்றாம் நூற்றாண்டு முதல் மேற்காசியாவில் எழுதப்பட்ட நூல்கள். மூன்றாவது, கேரளத்திலும் மயிலாப்பூரிலும் வழங்கும் மரபுகள், அவற்றோடு தொடர்புடைய கல்லறை, சிலுவை, கோவில்கள் ஆகியன. இம்மூன்றும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. எனவே இக்கட்டுரையில் அவை தனித்தனியே தரப்படுகின்றன.

பெயர்

தோமா என்பது அரமேய மொழியில் இரட்டையர் என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. யோவான் நற்செய்தியில் இவருக்குத் தரப்படும் திதிம் என்னும் பெயரும் கிரேக்கத்தில் அதே பொருளைத் தருவதாகும். எனவே இது இயற்பெயராக அன்றிச் சிறப்புப் பெயராகவே இருந்திருக்கக்கூடும். சிரியக் கிறிஸ்தவ மரபில் இவர் யூதா தோமா என்று அழைக்கப்படுகிறார். இவர் யாருடன் இரட்டையராகப் பிறந்தார் என்பது நற்செய்திகளில் சொல்லப்படவில்லை. தமிழில் மதிப்புப் பன்மை விகுதி சேர்ந்து தோமையார் என வழங்குகிறது.

விவிலியத்தில் தோமா

மத்தேயு, மாற்கு, லூக்கா ஆகிய மூன்று நற்செய்திகளும் திருத்தூதர் பணிகள் நூலும் பன்னிருவர் பட்டியலில் தோமாவின் பெயரை மட்டுமே குறிப்பிடுகின்றன. அவரது இயல்பை விளக்கும் நிகழ்ச்சிகள் யோவான் நற்செய்தியில்தான் உள்ளன.

இலாசர் இறந்த செய்தி கேட்டு இயேசு யூதேயாவுக்குத் திரும்ப முற்பட்டபோது, அங்கு உயிருக்கு இடர் உண்டு என்று சீடர்கள் தயங்கினர். அப்போது தாமும் அவரோடு சென்று இறக்கலாம் என்று உடன்சீடரை அழைத்தவர் தோமா (யோவான் 11:16). இறுதி இரவுணவின்போது இயேசு தாம் போகுமிடம் பற்றிப் பேச, போகுமிடமே தெரியாதபோது வழியை எவ்வாறு அறிவது என்று அவர் வெளிப்படையாகக் கேட்டார் (யோவான் 14:5).

மூன்றாவது நிகழ்ச்சியே உலகெங்கும் அறியப்பட்டது. உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களுக்கு முதன்முறை தோன்றியபோது தோமா அங்கு இல்லை. ஆணிகளின் தழும்பைக் கண்டு அதில் விரலையும், விலாவில் கையையும் இட்டாலன்றி நம்பமாட்டேன் என்று அவர் பிறரிடம் கூறினார். எட்டு நாள்களுக்குப் பின் இயேசு மீண்டும் தோன்றித் தம் காயங்களைத் தொட்டுப் பார்க்குமாறு தோமாவை அழைத்தார். உடனே தோமா அவரைத் தம் ஆண்டவர் என்றும் கடவுள் என்றும் அறிக்கையிட்டார் (யோவான் 20:24-29). அவர் உண்மையில் தொட்டுப் பார்த்தாரா என்பதை நற்செய்தி சொல்லவில்லை. இந்நிகழ்ச்சியால் மேலை நாடுகளில் அவருக்கு ஐயப்படும் தோமா என்னும் பெயர் நிலைத்தது. ஆயினும் இறக்கவும் துணிந்து நின்றவர் என்னும் முதல் நிகழ்ச்சியும் அதே நற்செய்தியில் உள்ளது குறிப்பிடத்தக்கது.

தோமாவின் பணிகள் நூல்

தோமாவை இந்தியாவுடன் தொடர்புபடுத்தும் விரிவான பழைய நூல் தோமாவின் பணிகள் என்பதாகும். இது மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பெரும்பாலும் எதெசா நகரில், சிரிய மொழியில் எழுதப்பட்டது என அறிஞர் கருதுகின்றனர். எதெசா இன்று துருக்கியில் உர்ஃபா என்னும் பெயரில் உள்ளது. இந்நூல் விவிலியத்தில் சேர்க்கப்படவில்லை.

திருத்தூதர்கள் உலக நாடுகளைச் சீட்டுப்போட்டுப் பங்கிட்டபோது தோமாவுக்கு இந்தியா கிடைத்தது என்றும், அவர் போக மறுத்தார் என்றும் இந்நூல் தொடங்குகிறது. அதனால் இயேசு அவரை அப்பான் என்னும் வணிகனிடம் தச்சுத் தொழில் அறிந்த அடிமையாக விற்றுவிடுகிறார். கொந்தோபரஸ் என்னும் அரசன் அரண்மனை கட்டுவதற்காகத் தரும் பொருளைத் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று கேட்ட மன்னனுக்கு, அது விண்ணுலகில் கட்டப்பட்டுள்ளது என்று விடை கிடைக்கிறது. பின்னர் மஸ்தாய் என்னும் வேறோர் அரசனின் நாட்டில் அவர் ஒரு மலைக்குக் கொண்டு செல்லப்பட்டு நான்கு வீரர்களால் ஈட்டியால் குத்திக் கொல்லப்படுகிறார். அவரது எலும்புகள் மேற்கே கொண்டு செல்லப்பட்டன என்று கதை முடிகிறது.

நெடுங்காலம் கொந்தோபரஸ் ஒரு கற்பனை அரசன் என்றே எண்ணப்பட்டான். 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவிலும் ஆப்கானித்தானிலும் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. தக்தி-பாகி என்னுமிடத்தில் கிடைத்த கல்வெட்டும் அவனைக் குறிப்பிடுகிறது. அவன் கி.பி. முதலாம் நூற்றாண்டின் முற்பாதியில் தட்சசீலப் பகுதியை ஆண்ட இந்தோ-பார்த்திய அரசன் எனப் பலரும் கணிக்கின்றனர். கதையில் வரும் அரசன் வரலாற்றில் இருந்தவன் என்பது இதனால் உறுதியானது. தோமா அவனைச் சந்தித்தார் என்பது அதனால் உறுதியாகவில்லை.

சேர நாட்டு மரபு

கேரளத்தின் நசுராணிக் கிறிஸ்தவர் தம்மைத் தோமாக் கிறிஸ்தவர் என அழைத்துக்கொள்கின்றனர். இவர்களது மரபுப்படி தோமா கி.பி. 52-இல் முசிறித் துறைமுகத்தில் (இன்றைய கொடுங்கல்லூர்ப் பகுதி) வந்திறங்கினார். கொடுங்கல்லூர், பாலயூர், பரவூர், கொக்கமங்கலம், நிரணம், நிலைக்கல், கொல்லம் ஆகிய ஏழு இடங்களில் சபைகளை நிறுவினார். இவற்றோடு கன்னியாகுமரி மாவட்டத்துத் திருவிதாங்கோட்டில் உள்ள கோவில் அரைப்பள்ளி என்னும் பெயரால் அவருடன் தொடர்புபடுத்தப்படுகிறது. இம்மரபு ரம்பான் பாட்டு, மார்க்கம் களிப் பாடல்கள் ஆகியவற்றிலும் பேணப்படுகிறது.

அக்காலத்தில் இத்தகைய பயணம் இயலாத ஒன்றன்று. பருவக்காற்றின் துணையோடு செங்கடல் துறைகளிலிருந்து முசிறிக்குக் கப்பல்கள் வந்து மிளகு ஏற்றிச் சென்றதைக் கிரேக்க நூலான எரித்திரேயக் கடற்செலவு கூறுகிறது. யவனர் பொன்னொடு வந்து மிளகொடு பெயர்ந்ததை அகநானூறும் குறிப்பிடுகிறது. கேரளத்தில் கிறிஸ்தவர் இருந்ததை ஆறாம் நூற்றாண்டுப் பயணி காஸ்மாஸ் எழுதியுள்ளார். கி.பி. 849-ஐச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு அங்கிருந்த ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வழங்கப்பட்ட உரிமைகளைத் தெரிவிக்கிறது.

மயிலாப்பூரும் இரு மலைகளும்

கேரளத்திலிருந்து சோழமண்டலக் கரைக்கு வந்த தோமா தம் இறுதி ஆண்டுகளை மயிலாப்பூரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கழித்தார் என மரபு கூறுகிறது. சென்னையில் அவரோடு தொடர்புடைய இடங்கள் மூன்று.

சின்னமலை: சைதாப்பேட்டைக்கு அருகில் அடையாற்றின் தென்கரையில் உள்ள சிறு பாறைக்குன்று. தோமா இங்குள்ள ஒடுங்கிய குகையில் தங்கி இறைவேண்டல் செய்தார் என்றும், தம்மைத் தேடி வந்தவர்களிடமிருந்து குகையின் ஒரு திறப்பு வழியாகத் தப்பினார் என்றும் கூறப்படுகிறது. பாறையில் ஊறும் சுனையும் அவரோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இங்குப் போர்த்துக்கீசர் 1551-இல் ஆரோக்கிய அன்னை பெயரில் கோவில் எழுப்பினர். வட்ட வடிவிலான புதிய கோவில் 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது.

பரங்கிமலை: சின்னமலைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 300 அடி உயரமுள்ள குன்று. பெரியமலை, புனித தோமையார் மலை என்னும் பெயர்களும் உண்டு. சின்னமலையிலிருந்து தப்பிய தோமா இங்கு வந்து, தாம் செதுக்கிய கற்சிலுவையின் முன் இறைவேண்டலில் ஆழ்ந்திருந்தபோது பின்னிருந்து ஈட்டியால் குத்தப்பட்டு இறந்தார் என்பது மரபு. போர்த்துக்கீசர் இங்கு வாழ்ந்ததால் பரங்கிமலை என்னும் பெயர் வந்ததாகப் பொதுவாகக் கூறுவர். பிருங்கி முனிவர் தவமிருந்த பிருங்கிமலையே பரங்கிமலை ஆயிற்று என்பது இப்பகுதிச் சைவர் கூறும் விளக்கம். சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் புறநகர் இருப்புப்பாதையில் கிண்டியை அடுத்து புனித தோமையார் மலை நிலையம் உள்ளது.

சாந்தோம்: மயிலாப்பூர்க் கடற்கரையை ஒட்டிய பகுதி. தோமாவின் உடல் இங்கு அடக்கம் செய்யப்பட்டதாகக் கருதப்படுகிறது. போர்த்துக்கீச மொழியில் புனித தோமா எனப் பொருள்படும் சொல்லே ஊர்ப்பெயராயிற்று.

மயிலாப்பூர்க் கல்லறை

இந்தியாவில் தோமாவின் உடல் முதலில் இருந்த இடத்தில் ஒரு துறவுமடமும் பெரிய கோவிலும் இருந்ததாக, அங்குச் சென்று வந்த தியோடர் என்பவர் வாயிலாகக் கேட்டறிந்து, ஆறாம் நூற்றாண்டில் தூர் நகரக் கிரகோரி எழுதினார். அவ்விடத்தின் பெயரை அவர் தரவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் தோமாவின் உடல் இருப்பதாகவும், கிறிஸ்தவரும் இசுலாமியரும் அங்குத் திருப்பயணம் மேற்கொள்வதாகவும், நோய் தீர அங்குள்ள செம்மண்ணை எடுத்துச் செல்வதாகவும் எழுதினார். மயில் வேட்டையாடிய ஒருவன் எய்த அம்பு தவறிப் பட்டு அவர் இறந்தார் என்பது மார்க்கோ போலோ கேட்ட கதை. இது ஈட்டிக் கதையினின்று வேறுபடுகிறது. 15ஆம் நூற்றாண்டில் வந்த நிக்கோலோ தே கோந்தி ஊரின் பெயரை மயிலாப்பூர் என அறியத்தக்க வகையில் குறிப்பிட்டு, அங்கு நெசுத்தோரியக் கிறிஸ்தவர் வாழ்ந்ததையும் பதிந்துள்ளார்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கீசர் இங்கு வந்தபோது சிதைந்த நிலையில் ஒரு கோவிலைக் கண்டனர். 1523-ஐ ஒட்டிக் கல்லறையை அகழ்ந்தபோது எலும்புகளும் ஈட்டி முனையும் மண் நிறைந்த கலமும் கிடைத்ததாக அவர்கள் எழுதிவைத்தனர். கல்லறையின்மேல் புதிய கோவில் எழுப்பப்பட்டது. 1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் இங்குத் தங்கி, கல்லறையருகே வேண்டியபின் மலாக்கா செல்லும் முடிவை எடுத்தார். 1606-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் மயிலாப்பூரைத் தனி மறைமாவட்டமாக்கினார். பழைய கோவில் 1893-இல் இடிக்கப்பட்டு, இன்றுள்ள புதிய கோதிக் பாணிக் கோவில் 1896-இல் அருட்பொழிவு பெற்றது. 1956-இல் அது இணைப்பெருங்கோவில் நிலைக்கு உயர்த்தப்பட்டது.

சாந்தோம் பகுதியின் வரலாற்றில் வேறொரு கேள்வியும் உண்டு. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் முற்காலத்தில் கடற்கரையோரம் இருந்ததென்றும், போர்த்துக்கீசர் காலத்தில் அழிந்ததால் இன்றுள்ள இடத்தில் மீண்டும் கட்டப்பட்டதென்றும் வரலாற்றாளர் பலர் கருதுகின்றனர். தேவாரப் பாடல்கள் கோயிலைக் கடற்கரையோடு இணைத்துப் பாடுவதும், சாந்தோம் பகுதியில் கிடைத்த கல்வெட்டுத் துண்டுகளும் இதற்குச் சான்றாகக் காட்டப்படுகின்றன. கோவில் சரியாக எவ்விடத்தில் நின்றது என்பதில் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

பரங்கிமலைச் சிலுவை

1547-இல் பரங்கிமலை உச்சியில் கோவில் கட்டுமானத்திற்காகத் தோண்டியபோது, புடைப்புச் சிற்பமாகச் சிலுவை செதுக்கப்பட்ட கற்பலகை ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சிலுவையைச் சுற்றிப் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்தில் ஒரு வரி பொறிக்கப்பட்டுள்ளது. இக்கல்லே இன்றும் மலைக்கோவிலின் பீடத்தில் உள்ளது. இக்கோவில் குழந்தைப் பேற்றை எதிர்நோக்கியிருக்கும் அன்னை மரியாவின் பெயரால் அமைந்தது.

1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடைபெறும்போது இச்சிலுவையில் இரத்தம் போன்ற நீர் கசிந்ததாகவும், இது 1704 வரை அவ்வப்போது நிகழ்ந்ததாகவும் கோவில் மரபு கூறுகிறது. இதனால் இது இரத்தம் சிந்திய சிலுவை எனப்படுகிறது.

சிலுவையைத் தோமாவே செதுக்கினார் என்பது மக்கள் நம்பிக்கை. ஆயினும் எழுத்தமைதி, சிற்பமைதி ஆகியவற்றைக் கொண்டு ஆய்வாளர் இதை ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு முதல் ஒன்பதாம் நூற்றாண்டு வரையான காலத்தில் வைக்கின்றனர். 1873-இல் ஏ. சி. பர்னல் இவ்வெழுத்தை ஆராய்ந்து வெளியிட்டார். அதன்பின் பலர் பலவாறாகப் படித்துள்ளனர். இதே எழுத்தைக் கொண்ட சிலுவைகள் கோட்டயம், கடமற்றம், முட்டுச்சிறை முதலிய இடங்களிலும் உள்ளன. போர்த்துக்கீசர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் திருச்சபையோடு தொடர்புடைய கிறிஸ்தவர் இம்மலையில் வழிபட்டனர் என்பதற்கு இக்கல் நேரடிச் சான்றாக விளங்குகிறது.

மலையின் பிற்கால வரலாறு

மலையடிவாரத்திலிருந்து உச்சிக்குச் செல்லும் படிக்கட்டுகளை அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் ஆவார். திருப்பயணிகள் அடையாற்றைக் கடப்பதற்காகச் சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டிக்கொடுத்தவரும் இவரே. மர்மலாங் பாலம் எனப்பட்ட அதன் இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் உள்ளது. தோமாவின் மலைக்குச் செல்வோர்க்காக ஒரு வணிகர் தம் சொந்தச் செலவில் அமைத்த வழி, பின்னாளில் சென்னையின் தெற்கு நோக்கிய முதன்மைச் சாலையின் பகுதியாயிற்று.

ஆங்கிலேயர் காலத்தில் மலையடிவாரம் படைவீட்டுப் பகுதியாக வளர்ந்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன், பரங்கிமலை அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி ஏறத்தாழ 7.5 மைல் நீள அடிக்கோட்டை அளந்து இந்தியப் பெரும் முக்கோண அளவைப் பணியைத் தொடங்கினார். அவரது மார்பளவுச் சிலை மலைமீது உள்ளது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரி 5 அன்று இம்மலைக்கும் சாந்தோமுக்கும் வந்தார். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் ஆகிய பகுதிகள் 2002-இல் சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுப் புதிய செங்கல்பட்டு மறைமாவட்டத்தில் சேர்க்கப்பட்டன. இதனால் கல்லறை ஒரு மறைமாவட்டத்திலும் கொலையுண்ட மலை வேறொரு மறைமாவட்டத்திலும் அமைந்துள்ளன.

திருப்பண்டங்கள்

தோமாவின் எலும்புகளை ஒரு வணிகர் இந்தியாவிலிருந்து எதெசாவுக்குக் கொண்டுவந்தார் என்று நான்காம் நூற்றாண்டில் புனித எபிரேம் பாடியுள்ளார். 394-இல் அவை அந்நகரின் பெரிய கோவிலுக்கு மாற்றப்பட்டன. 1144-இல் எதெசா வீழ்ந்தபின் அவை கியோஸ் தீவுக்கும், 1258-இல் அங்கிருந்து இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கும் சென்றன. இன்றும் அங்குள்ள பேராலயத்தில் வைக்கப்பட்டுள்ளன. 1953-இல் ஒர்த்தோனாவிலிருந்து ஓர் எலும்பு கொடுங்கல்லூருக்குக் கொண்டுவரப்பட்டது.

எலும்புகள் பழங்காலத்திலேயே எதெசாவுக்குச் சென்றுவிட்டன என்றால் மயிலாப்பூர்க் கல்லறையில் போர்த்துக்கீசர் கண்டவை எவை என்னும் கேள்வி எழுகிறது. ஒரு பகுதி மட்டுமே எதெசாவுக்குச் சென்றது, எஞ்சியது இங்கேயே இருந்தது என்பது மரபை ஏற்போர் தரும் விடை.

வரலாற்றாய்வாளர் கருத்துகள்

தோமா தென்னிந்தியாவுக்கு வந்ததை உறுதிப்படுத்தும் முதலாம் நூற்றாண்டுச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. ஒரிஜன் கூற்றைத் தழுவி யூசேபியுஸ், தோமாவுக்குப் பார்த்தியா ஒதுக்கப்பட்டது என எழுதினார். வடமேற்கு இந்தியா அக்காலத்தில் பார்த்திய அரசர்களின் ஆட்சியில் இருந்ததால், அவர் அங்கு வரை வந்திருக்கலாம் என்பது ஒரு சாரார் கருத்து. கேரள மரபு, மயிலாப்பூர் மரபு, எதெசா மரபு ஆகிய மூன்றுமே வேறு எந்த நாட்டையும் கூறாமல் இந்தியாவையே சுட்டுவதால் அடிப்படையில் ஓர் உண்மை இருக்கவேண்டும் என்பது மற்றொரு சாரார் கருத்து. தென்னிந்தியக் கிறிஸ்தவம் பாரசீக வணிகராலும் குடியேறிகளாலும் பின்னர் வந்தது என்பது மூன்றாவது கருத்து.

2006-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் உரையொன்றில், தோமா சிரியா, பாரசீகம் வழியாக மேற்கு இந்தியா வரை சென்றார் என்றும், கிறிஸ்தவம் அங்கிருந்து தென்னிந்தியாவை அடைந்தது என்றும் பொருள்படக் கூறியது கேரளத்தில் விவாதத்தை எழுப்பியது.

தமிழ் இலக்கியத்தோடும் இம்மரபு இணைக்கப்பட்டதுண்டு. 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப், வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதனையை அறிந்திருக்கலாம் எனக் கருதினார். இக்கருத்தைத் தமிழறிஞருள் பெரும்பாலோர் ஏற்கவில்லை.

விழாவும் வணக்கமும்

உரோமைக் கத்தோலிக்க நாட்காட்டியில் தோமாவின் விழா முன்னர் டிசம்பர் 21-ஆம் நாளில் இருந்தது. 1969-இல் செய்யப்பட்ட திருத்தத்தால் அது சூலை 3-ஆம் நாளுக்கு மாற்றப்பட்டது. சிரிய மரபுத் திருச்சபைகள் முன்பிருந்தே சூலை 3-ஆம் நாளைத் துக்ரானா என்னும் பெயரில் கொண்டாடி வந்தன. கிரேக்க மரபுவழித் திருச்சபை அக்டோபர் 6-ஆம் நாளைக் கொண்டாடுகிறது. பரங்கிமலையில் டிசம்பர் 18 அன்று அன்னை மரியாவின் விழா சிறப்பாக நடைபெறும்.

தோமா இந்தியாவின் பாதுகாவலராகவும், கட்டடக் கலைஞர், தச்சர் ஆகியோரின் பாதுகாவலராகவும் போற்றப்படுகிறார். இந்திய அஞ்சல்துறை 1964-இலும், இறப்பின் 1900ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1973-இலும் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.

கலையிலும் இலக்கியத்திலும்

தோமா கையில் ஈட்டியோ தச்சரின் மூலைமட்டமோ ஏந்தியவராகச் சித்திரிக்கப்படுகிறார். இயேசுவின் விலாக் காயத்தில் அவர் விரலை இடும் காட்சியை இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1601-1602 அளவில் வரைந்தார். போர்த்துக்கீசக் கவிஞர் கமோயிஸ் 1572-இல் வெளியிட்ட லூசியாதாஸ் காப்பியத்தின் பத்தாம் காண்டத்தில் மயிலாப்பூரில் தோமாவின் வாழ்வும் இறப்பும் பாடப்பட்டுள்ளன. 1945-இல் எகிப்தின் நாக் அம்மாதியில் முழுமையாகக் கிடைத்த தோமா நற்செய்தி, இயேசுவின் கூற்றுகளாக 114 கூற்றுகளைக் கொண்டது. இது தோமா எழுதியதன்று என்பதே அறிஞரின் பொதுக் கருத்து.